புயத்தில் அணியும் சீனியுணரி: எண் பிழைக்கும் இடங்கள்

நூல்கள் நீரிழிவு என்றும், முதியோர் சலரோகம் என்றும், ஊரவர் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நோய் இன்று நம் கரையோர ஊர்களில் அரிதன்று. அந்நோயுற்றாருட் சிலர் மேற்கையின் பின்புறத்தில் நாணய அளவான ஒரு வில்லையை அணிந்திருத்தலைக் காண்கின்றோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர், சொறிக்கல்முனையிலும் அயலூர்களிலும் இருக்கும் பெற்றோர்க்கு அன்போடு அனுப்பிவைக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்றாயிற்று. அனுப்புதல் எளிது, அது காட்டும் எண்ணைப் பிழையற வாசித்தலே அரிது. அவ்வாசிப்பில் நேரும் இடர்களையும் அவற்றை நீக்கும் வழிகளையும் ஈண்டு ஒழுங்குபட ஆராய்வோம். மருந்தின் அளவை மாற்றுதல் வைத்தியருக்கே உரியது. நாம் எடுத்துக்கொண்டது எண்ணை ஐயந்திரிபற அறியும் முறை மாத்திரமே.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். வில்லையின் அடியில் மயிரிழை போன்ற நுண்ணிழை ஒன்று தோலின்கீழ்ச் செல்கின்றது. அதன்மேற் பூசப்பட்ட நொதியம் சீனியோடு தாக்கமுற, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. அம்மின்னோட்டமே எண்ணாக மாற்றப்படுகின்றது. நொதியத்தையும் மின்வாயையும் இணைத்துச் சீனியை அளக்கலாம் என்னும் கருத்தை 1962இல் கிளார்க், லயன்ஸ் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். இக்காலத்து உணரிகளுட் பல 10 நாள் முதல் 15 நாள் வரை உழைப்பன.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நுண்ணிழை தொடுவது இரத்தத்தை அன்று. உயிரணுக்களுக்கிடையே உள்ள நீரையே. வாய்க்காலில் விட்ட நீர் வக்கடை கடந்து கடைவரம்பு வயலை அடையச் சற்று நேரம் செல்லுமன்றோ? அவ்வாறே இரத்தத்திற் சீனி ஏறுவதும் இறங்குவதும் அந்நீரிற் புலப்பட ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடம் செல்லும். வாய்க்கால் வற்றியபின்னும் வயலில் நீர் நிற்பதுபோல, இரத்தத்தில் சீனி விரைந்து குறையும் வேளையிற் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருத்தல் கூடும். ஆதலின் எண்ணோடு நில்லாது, அதன் அருகிலுள்ள அம்புக்குறியையும் நோக்குக. 90 என்னும் எண் கிடையான அம்போடு நின்றால் அமைதி. கீழ்நோக்கிய அம்போடு நின்றால் எச்சரிக்கை.

இனி, தலையாய விதியைக் கூறுவோம். உடல் ஒன்று சொல்ல எண் வேறொன்று சொல்லின், விரலிற் குத்தி இரத்தத்தைச் சோதிக்க. வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியன தோன்றியும் கருவி 110 எனக் காட்டினால் உடலை நம்புக. விரற்சோதனைக்கு முன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துதல் இன்றியமையாதது. மாம்பழம் உரித்த விரல் பொய்யாக உயர்ந்த எண்ணையே தரும். இரண்டு எண்ணும் முற்றும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. 100க்கு மேற்படின் 20 விழுக்காடும், 100க்குக் கீழாயின் 20 எண்ணும் வேறுபடுதல் பொதுவாகப் பொறுக்கப்படும். கருவி 180 எனவும் விரல் 155 எனவும் காட்டின் கவலையில்லை. கருவி 62 எனவும் விரல் 118 எனவும் காட்டினால், சிறிது நேரங்கழித்து மீண்டும் ஒப்பிடுக. வேறுபாடு நீடிப்பின் அவ்வுணரியை மாற்றுக. நோன்பு நோற்கும் முஸ்லிம் அன்பர்க்கும் ஒன்று கூறலாம்: விரற்சோதனை நோன்பை முறிக்காதென்று நீரிழிவுக்கான அனைத்துலக வழிகாட்டிகள் தெளிவுறுத்துகின்றன.

எண் பிழைக்கும் காரணங்களுள் முதலாவது அழுத்தம். உணரி அணிந்த கையின்மேல் ஒருக்களித்துத் துயில்வோர்க்கு அவ்விடத்து நீரோட்டம் தடைப்பட, எண் திடீரென 60க்குக் கீழ் வீழ்தல் கூடும். எச்சரிக்கை மணி கேட்டு வெளிநாட்டிலுள்ள மகன் பதறுவான்; தாய் நள்ளிரவில் வேண்டாத சீனியை உண்பார். மறுபுறம் திரும்பிப் படுத்தால் சில நிமிடங்களில் எண் மீளும். எனினும் மீளுமென்று காத்திருத்தல் ஆகாது. உடனே விரலைச் சோதித்தே முடிவு செய்க.

இரண்டாவது புதுமை. அணிந்த முதல் 24 மணி நேரத்தில் எண் தளம்புதல் உண்டு. மூன்றாவது வெப்பம். பெட்டியில் அச்சிட்ட எல்லை சிலவற்றில் 25 பாகையாகவும் சிலவற்றில் 30 பாகையாகவும் இருக்கும். கட்டுநாயக்காவிலிருந்து கல்முனை வரும் நெடுவழியில், வெயிலில் நிறுத்திய வானுக்குள் அவ்வெல்லை எளிதிற் கடக்கப்படும். குளிர்பேணும் பையில் உறையாதபடி கொணர்க. காலாவதித் திகதியையும் பார்க்க. நான்காவது மருந்து. லிப்ரே 2 உணரி அணிவோர் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சீ உட்கொண்டாலும், டெக்ஸ்கொம் ஜி6 அணிவோர் 6 மணி நேரத்தில் 1 கிராமுக்கு மேல் பரசிற்றமோல் உட்கொண்டாலும் எண் பொய்யாக உயரக்கூடும். ஐந்தாவது, வயிற்றோட்டம் முதலியவற்றால் உடல் நீர் வற்றுதல்.

ஒட்டாமற் கழலுதல் நம் வெப்ப நாட்டிற்கே உரிய இடர். தேங்காயெண்ணெய் பூசிய தோலில் பசை பிடியாது. சவர்க்காரத்தாற் கழுவி, மதுசாரத்தாற் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒட்டுக. கதவுநிலையில் இடித்து வெளிவந்த இழையை மீண்டும் உட்செலுத்துதல் கூடாது. எண்ணே தோன்றாவிடின், தொலைபேசியில் புளூடூத் இயங்குகின்றதா, மின் உள்ளதா எனப் பார்க்க. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குச் சென்றவர்க்கு எச்சரிக்கை எட்டாது.

அலகு பற்றிய மயக்கம் கடல் கடந்த குடும்பங்களுக்கே உரியது. இலங்கையில் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்னும் அலகும், பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் லீற்றருக்கு மில்லிமோல் என்னும் அலகும் வழங்குகின்றன. பின்னதை 18 ஆற் பெருக்க முன்னது வரும். அங்கே 3.9 என்பது இங்கே 70. அங்கே 10 என்பது இங்கே 180. அங்கிருந்து வந்த கருவியில் 9 எனக் கண்டு சீனி குறைந்ததென அஞ்சித் தேநீரில் சீனி கூட்டுதல், 162இல் நிற்பவரை மேலும் ஏற்றுவதாகும்.

அணிபவரிடத்துக் குறையின்றியும் கருவி பிழைக்கும். அமெரிக்காவில் விநியோகிக்கப்பட்ட லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் உணரிகளுள் ஏறத்தாழ 30 இலட்சம் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும் என 2025 நவம்பரில் அபொட் நிறுவனம் அறிவித்தது. அக்குறையோடு தொடர்புற்றிருக்கலாம் என உலகளவில் 7 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. பொய்க் குறைவை மெய்யென நம்பியவர் வேண்டாத சீனியை உண்பர். வேண்டிய இன்சுலினை விடுவர். ஆதலின் உணரியை அனுப்பும் அன்பர் பெட்டியின் தொடரிலக்கத்தை நிறுவனத்தின் அறிவித்தலோடு ஒப்பிட்ட பின்னரே அனுப்புக.

மெய்யாகவே 70க்குக் கீழ் இறங்கினால் 3 தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துப் பருகி, 15 நிமிடம் பொறுத்து விரலையே சோதிக்க. கருவி அப்போதும் பழைய குறைவையே காட்டிக்கொண்டிருக்கும். அதனை நம்பி மேலும் மேலும் உண்ணற்க. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைக்க.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம், மருத்துவத்தை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக்கி நிறைவுறுகின்றது. உணரி இந்நான்கனுள் ஒன்றன்று. நான்கிற்கும் உதவும் ஒரு சான்று. சான்றை உசாவியே தீர்ப்பளித்தல் முறை. இந்நாளில் உடனிருப்பவருள் ஒருவர் கடல் கடந்து தொலைபேசித் திரையை நோக்கியிருக்க, மற்றொருவர் வீட்டிலே பாடநூலோடு இருக்கின்றார். உணரி அனுப்பும் பழைய மாணவர் அதனோடு விரற்சோதனைக் கருவியையும் கீற்றுகளையும் அனுப்புவாராக. வீட்டிலிருக்கும் இளைய மாணவர் அதனைக் கையாளக் கற்று, பாட்டியின் விரலிலிருந்து ஒரு துளி எடுத்து மெய்யை அறிந்து சொல்வாராக.