எடை மெஷினை விட்டு இறங்கு, இன்ச் டேப்பை எடு

தங்கச்சி, தினமும் காலையில எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு, அரை கிலோ கூடிடுச்சுன்னு அன்னைக்குப் பூரா வாடிப்போய் உட்கார்ந்திருக்கியே, அதை முதல்ல நிறுத்து. முந்தின ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கூடுதலா போயிருந்தா, அந்த உப்பு உடம்புல தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மாதவிலக்கு நெருங்குற நாள்லயும் அப்படித்தான். ஒரு நாளைக்குள்ள ஒரு கிலோ ஏறி இறங்குறது சாதாரணம். அது தண்ணிக் கணக்கு, கொழுப்புக் கணக்கு இல்ல.

இப்போ டம்பெல்ஸ் வேற தூக்க ஆரம்பிச்சிருக்கே. தசை, கொழுப்பை விட அடர்த்தியானது. கொழுப்பு கரைஞ்சு தசை ஏறும்போது மெஷின்ல எண் அசையாது, ஆனா சுடிதார் பேன்ட் தளரும். அந்த மாற்றத்தை இன்ச் டேப்தான் பிடிச்சுக் காட்டும்.

அம்மாவோட தையல் மெஷின் டிராயர்ல கிடக்கிற பழைய டேப்பை அப்படியே எடுத்துடாதே. துணி டேப் நாளாக ஆக இழுபட்டு நீளும். ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒத்துப் பாரு, இல்லேன்னா புதுசு வாங்கு. சென்டிமீட்டர் பக்கத்தைப் படி. இன்ச்சுல கண்ணுக்குத் தப்புற சின்ன மாற்றமும் அதுல தெரியும்.

முக்கியமானது இடுப்புச் சுற்றளவு. இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பாவாடை நாடா கட்டுற இடம் இல்ல அது. தொப்புளையும் நம்பாதே, வயிறு தொங்கினா தொப்புளும் சேர்ந்து இறங்கும். பக்கவாட்டுல விரலால தடவி கடைசி விலா எலும்பைக் கண்டுபிடி. அப்புறம் இடுப்பெலும்போட மேல் விளிம்பு. ரெண்டுக்கும் சரி நடுவுல பேனாவால ஒரு புள்ளி வை. டேப் அந்த வழியா முதுகுப் பக்கமும் சாயாம சுத்தி வரணும், கண்ணாடியில திரும்பிப் பாரு. வயித்தை எக்காதே. மூச்சை இயல்பா வெளிய விட்டு, அந்த நேரம் படி. டேப் தோலைத் தொடணும், அமுக்கக் கூடாது. ரெண்டு தடவை எடு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடியும் எடு.

நம்ம தெற்காசிய உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினா கவனிக்கணும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. பார்க்க ஒல்லியா இருந்தாலும் நமக்கு வயித்துக்குள்ள, உறுப்புகளைச் சுத்திக் கொழுப்பு சேரும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வர அது பெரிய காரணம். சுலபமா ஞாபகம் வச்சுக்கணும்னா, இடுப்பு உன் உயரத்துல பாதிக்குள்ள இருக்கட்டும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பிட்டத்துல அகலமான இடம், தொடை நடு, தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவுல மேல்கை. இந்த மூணையும் சேர்த்து எழுதி வை, போதும். எப்பவும் ஒரே பக்கத்துக் கை, கால்.

மாசம் ஒரு தடவை, மாதவிலக்கு முடிஞ்சு சில நாள் கழிச்சு, காலையில கழிவறை போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி எடு. அடிக்கடி எடுத்தா டேப்பும் உன்னை மெஷின் மாதிரியே அலைக்கழிக்கும்.

எண்களைச் சேர்த்துப் படிக்கப் பழகு. கையும் தொடையும் இளைக்குது, இடுப்பு அப்படியே இருக்கு, தூக்கின எடையையும் இப்போ தூக்க முடியலன்னா, நீ பட்டினி கிடக்கிறே, தசை போயிட்டிருக்குன்னு அர்த்தம். முட்டை, சுண்டல், பருப்பு, மீனெல்லாம் சாப்பாட்டுல கூடுதலா சேர்த்துக்கோ. இடுப்பு குறையலையேன்னு சிட்-அப்ஸை இருநூறா ஏத்தாதே. எந்த இடத்துக் கொழுப்பு முதல்ல போகணும்னு நாம முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு. சாப்பாட்டையும் குறைக்காம, உடற்பயிற்சியும் பண்ணாம அளவெல்லாம் மடமடன்னு இறங்கி, கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தா, சந்தோஷப்படாதே. மறுநாளே வெறும் வயித்துல போய் சர்க்கரை டெஸ்ட் எடுத்துடு.