பிள்ளை நம் வீட்டில், கையெழுத்து யாருடையது?

அப்பாவும் அம்மாவும் வளைகுடாவில் வேலை பார்க்க, பிள்ளை பாட்டி வீட்டிலிருந்து பத்தாம் வகுப்புப் படிப்பது நம் ஊரில் சாதாரணம். பெற்றோரை இழந்த பிள்ளையைத் தாய்மாமன் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பதும் அப்படித்தான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. இது தெரியாமல்தான் முதல் வீட்டார் தேவையில்லாமல் வக்கீலைத் தேடுகிறார்கள், இரண்டாவது வீட்டார் போயே ஆக வேண்டிய நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

எல்லா மதத்தவருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தாயோ தகப்பனோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளையின் பராமரிப்புக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க இடம் தருவதில்லை. குடித்து அழிபவர், பிள்ளையைக் கைவிட்டுப் போனவர் என்றால் கதை வேறு. பிழைப்புக்காக வெளிநாடு போனது தகுதிக்குறைவு ஆகாது. ஆகவே இந்தப் பாட்டிக்குத் தேவை நீதிமன்ற உத்தரவு அல்ல, பெற்றோரின் கடிதம். பள்ளி, விடுதி, மருத்துவம் என எதற்கெல்லாம் பாட்டி முடிவெடுக்கலாம், எந்தத் தேதிவரை, அவசரத்தில் எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு கொடுத்துவிட்டுப் போகலாம். நோட்டரி முத்திரை குத்தினாலும் அதனால் காப்பாளர் உரிமை கைமாறாதே என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். விடுதிப் படிவத்தில் ‘லோக்கல் கார்டியன்’ என்ற கட்டத்தில் பெயர் எழுதுவதாலும் மாறாது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு மருத்துவமனையில் கேட்கப்படுவது உரிமைப் பத்திரம் அல்ல. பெற்றோருக்குச் சம்மதம்தானா என்பதற்கு ஓர் ஆதாரம். அதற்கு அந்தக் கடிதம் போதிய துணை.

பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்குச் சொத்தும் இருந்தால் கடிதம் உதவாது. ‘அக்கா பிள்ளைக்கு என்னைவிட யார் கார்டியன்?’ என்று கேட்கும் மாமனின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்ப்பவர் என்பதை மட்டும் வைத்து இளவரின் (மைனரின்) சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்கிறது. பிள்ளையின் படிப்புக்காகவே விற்றாலும் அந்தக் கிரயம் செல்லாது. வழக்கு பல ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையின் தலையிலேயே விடியும். நீதிமன்றம் நியமித்த காப்பாளரும் வீடு, நிலத்தை விற்க முன்அனுமதி வாங்க வேண்டும். இது இழுபறி என்று சலித்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பும் அந்த இழுபறிதான் என்பேன்.

வசதியான உறவினருக்குத்தான் நீதிமன்றம் பிள்ளையைக் கொடுக்கும் என்ற பயமும் பலருக்கு உண்டு. கொரோனாவில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவனின் வழக்கில், அரசு வேலையில் இருந்த அம்மாவின் சகோதரியிடம் உயர் நீதிமன்றம் அவனை ஒப்படைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வருமானம் மட்டுமே அளவுகோல் அல்ல என்று சொல்லி அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. பதின்வயதுப் பிள்ளையின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890 சட்டமே சொல்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு அவனிடம் தகவல் மட்டும் சொல்வது தவறு. காப்பாளராக நியமிக்கக் கோரி மனு போடும் முன்பே பிள்ளையைக் கேளுங்கள்.

மனுவைப் பிள்ளை வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும்; குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில், பிள்ளையின் பராமரிப்பு தொடர்பான மனு அங்கே போகும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பள்ளிச் சான்று மூன்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். பதினேழரை வயதில் தொடங்கினால் உத்தரவு வருமுன் பதினெட்டு முடிந்துவிடலாம். உதவித்தொகை வருமென்றால் பிள்ளை பெயரிலேயே கணக்குத் தொடங்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அவன் பணத்தில் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதோடு தனி நோட்டு இருக்கட்டும். பதினெட்டு முடிந்ததும் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு.