செயினைப் பார்த்தீங்களா?



போன மார்கழியில் ஒரு நாள். விடியற்காலை நாலரை மணி. தனக்கன்குளம் பக்கம் ஒரு தோட்டத்தில் மல்லிகை மூட்டையை ஏற்றிக்கொண்டு என் அப்பா வண்டியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பழங்காநத்தம் தாண்டியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பின்னால் லாரி எதுவும் வராததால்தான் இந்தக் கட்டுரையை நான் இப்படி எழுத முடிகிறது.

முழங்காலில் நாலு தையல். மார்கழியில் பூ வரத்து குறைவு, விலை அதிகம். அன்றைக்குப் பார்த்து மூட்டை ரோட்டில் கொட்டிப் போனது. வண்டி மேல் குற்றமில்லை. செயின் தொங்கிப்போய் ரெண்டு மாசமாக 'சளக் சளக்'னு சத்தம் கொடுத்துக்கிட்டே இருந்தது. அப்பாவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. "அடுத்த வாரம் பட்டறைக்கு விடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே நாள் போனது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் எங்கள் தெருமுனைப் பட்டறை மாமாவிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். முதல் நாள், "படிக்கிற பயலுக்கு இங்கென்னடா வேலை?" என்று விரட்டினார். மூன்றாவது வாரம் ஸ்பானரைக் கையில் கொடுத்தார். அங்கே கற்றதையும் நம் இயற்பியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. பூக்காரர், பால்காரர், காய்கறிக்காரர் என்று மதுரையில் இந்த வண்டி ஓடாத தெரு கிடையாது. டி.வி.எஸ். என்பது திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் அய்யங்கார் என்ற பெயரின் சுருக்கம். அவர் 1911-ல் நம் மதுரையில்தான் தொழிலைத் தொடங்கினார், அதுவும் பஸ் தொழில். ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, பஸ் போகும் வழியில் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விடுவார்களாம், பஞ்சர் ஆகக்கூடாது என்று. இதை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துக் கம்பெனி 1980-ல் ஓசூரில் இருந்து கொண்டுவந்ததுதான் இரண்டு பேர் உட்காரக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட். எக்ஸ்.எல். 100 அதன் பேரப்பிள்ளை, 2015-ல் வந்தது.

தாத்தா ஓட்டிய பழைய வண்டி டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், புகையும் வரும். எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக். ஆயில் தனியாக இன்ஜினுக்குள்ளேயே இருக்கும். இன்னும் சில பேர் பழக்கதோஷத்தில் பெட்ரோலோடு ஆயில் கலக்கிறார்கள். அது வீண் செலவு, பிளக்கில் கரி பிடிப்பதுதான் மிச்சம். மாறாக, உள்ளே இருக்கிற ஆயிலின் அளவைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஆயில் குறைந்தால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

இனி செயின் விஷயத்துக்கு வருவோம். செயின் ஏன் நீளமாகிறது? இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. இரண்டும் உராய்ந்து உராய்ந்து தேய்கின்றன. ஒரு கண்ணியில் 0.1 மில்லிமீட்டர்தான் தேய்ந்தது என்று வையுங்கள். தலைமுடி கனம். ஆனால் செயினில் 100 கண்ணி இருந்தால் 100 × 0.1 = 10 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளம் கூடிவிட்டது! நம் பக்கம் புழுதி வேறு அதிகம். புழுதியும் ஆயிலும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

பார்ப்பது ரொம்ப சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். (சாவியை எடுக்கணும் என்பதை மாமா மூன்று தடவை சொன்னார். ஓடுகிற செயினில் துணி வைத்துத் துடைத்து விரல் போன ஆட்களை அவர் பார்த்திருக்கிறாராம்.) செயினின் கீழ்ப்பக்கம், இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசையுங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆடலாம். சரியான அளவு உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நான் என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளக்கிறேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எந்த இடத்தில் அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளவு சரியாக இருக்கணும். எங்கள் வண்டியில் அன்றைக்கு எவ்வளவு ஆடியிருக்கும் என்று மாமாவைக் கேட்டேன். "ஊஞ்சலே கட்டலாம்டா" என்றார்.

தொங்கினால் பயம், சரி. அதற்காக முறுக்கி இறுக்கிவிடவும் கூடாது. ஆள் ஏறி, மூட்டை ஏறி, பள்ளத்தில் விழுந்து எழும்போது பின் சக்கரம் மேலும் கீழும் போகிறது. அப்போது செயினுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும், செயின் அறுந்தும் போகலாம்.

அளவு சரி செய்யும்போது பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்கு நகர்த்த வேண்டும். அதற்கான கோடுகள் அங்கேயே இருக்கும். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாகி, டயரும் செயினும் சேர்ந்தே தேயும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும். செயினைச் சரி செய்துவிட்டு பிரேக்கைப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் என்கிறார் மாமா. இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். அளந்து பார்ப்பது நம் வேலை, நட்டைத் திருப்புவது தெரிந்தவர் வேலை. நான் இன்றைக்கும் மாமா பக்கத்தில் நின்றால்தான் நட்டைத் தொடுகிறேன்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், தீ பிடிக்கும். கழுவியதும் துணியால் நன்றாகத் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூடுதலாக வழிவதைத் துடைத்துவிட வேண்டும். இன்ஜினில் இருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை விடுவது நம் ஊர் வழக்கம். சும்மா கிடைக்கிறதே என்று செய்கிறோம். அதில் இரும்புத் தூள் இருக்கிறது.

வண்டி கழுவுவது பற்றி ஒரே விஷயம். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான உலோகம் திடீரென்று சுருங்கும் என்று ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும், ஆனால் வீட்டில் எல்லோரும் செய்வது அதைத்தான். கழுவியபின் பிரேக் டிரம்முக்குள் ஈரம் இருக்கும். நாலடி மெதுவாக உருட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும்.

டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன்னால் பாருங்கள். ஓடிச் சூடானால் உள்ளே அழுத்தம் கூடி, அளவு தப்பாகக் காட்டும். நம் வேதியியலில் வரும் வாயு விதிதான் இது. மூட்டை ஏற்றுகிறவர்கள் பின் டயருக்குக் கூடுதல் காற்று வைக்கணும்.

இப்போது ஒரு கணக்கு. காய்ந்த ரோடு, நல்ல பிரேக், ஒரு நொடிக்கு 5 மீட்டர்/நொடி வீதம் வேகம் குறைகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 11 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதற்குள் 11 மீட்டர் போய்விட்டோம். பிரேக் பிடித்த பின் இன்னும் 12 மீட்டர். மொத்தம் 23. அதே வண்டி 60-ல் போனால்? 17 + 28 = 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. பிரேக் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். நம் பள்ளி வாசலில் 45 மீட்டர் எங்கே முடிகிறது என்று நடந்து பாருங்கள். நான் அளந்தேன், டீக்கடையையும் தாண்டிப் போகிறது.

கடைசியாக நம் வகுப்புப் பையன்களுக்கு ஒன்று. "கியர் இல்லாத வண்டிதானே, 16 வயசுல ஓட்டலாம்டா" என்று பல பேர் சொல்கிறார்கள். நானும் நம்பினேன். சட்டத்தில் 16 வயது என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். எக்ஸ்.எல். 100-ன் இன்ஜின் 99.7 சி.சி. ஸ்கூட்டிகளும் பெரும்பாலும் 50-ஐத் தாண்டியவை. ஆக 18 வயது வேண்டும், லைசென்ஸும் வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சின்னப் பையன் குற்றத்தில் மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வீட்டுப் பெரியவருக்கு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எங்கள் வீட்டில் வண்டி ஒரு வருடம் நின்றால் அடுப்பும் நிற்கும். அதனால் அப்பா, "கடை வரைக்கும் போயிட்டு வாடா" என்று சாவியை நீட்டினாலும் நான் சைக்கிளை எடுக்கிறேன். முதலில் அவருக்குக் கோபம்தான். இப்போது சாவியை நீட்டுவதில்லை, செயினைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்.

உங்களுக்கு ஒரு புதிர்: முன் பல்சக்கரத்தில் 14 பல், பின் பல்சக்கரத்தில் 42 பல். பின் டயரின் சுற்றளவு 1.6 மீட்டர். வண்டி ஒரு கிலோமீட்டர் போக முன் பல்சக்கரம் எத்தனை தடவை சுற்ற வேண்டும்? விடையை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு