இறகு பதித்த பேனாக் கட்டைகள்: ஓர் உபதொழில் பாடம்



தறி நிற்கும் நாட்களும், வயலில் வேலை குறையும் நாட்களும் நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. அந்நாட்களில் செய்யத்தக்க உபதொழில் ஒன்றை இம்மாதம் ஆராய்வோம். இயற்கை இறகைச் செயற்கைப் பிசினில் பதித்து வார்த்து, பேனாவின் உடலாகக் கடைவதற்குரிய கட்டையாக்குவதே அத்தொழில்.

பேனாக் கடைசல் நம் நாட்டில் நன்கு வேரூன்றிய தொழில். ராஜமகேந்திரவரத்தில் கே.வி.ரத்தினம் அவர்கள் சுதேசிப் பேனா செய்து அனுப்ப, காந்தியடிகள் அதனைப் பாராட்டி 1935-இல் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் இன்றும் கையால் கடைந்த பேனாக்கள் செய்யப்படுகின்றன. 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைத் தன்னகத்தே கொண்ட நம் அண்ணாமலை நகரில் பேனாவைப் பரிசாக வாங்குவோர்க்குக் குறைவிராது.

இறகின் இயல்பு

நான் முதன்முதலாக வார்த்த கட்டையில் வெள்ளைக் கோழி இறகைப் பித்தளைக் குழாயின் மேல் வைத்துப் பிசினை ஊற்றினேன். இறுகியபின் குழாய் மட்டுமே தெரிந்தது; இறகு மறைந்துவிட்டது. வெள்ளை இறகில் சாயம் இல்லை. அதன் நுண்ணிய இழைகளுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெண்மையாகத் தோன்றுகிறது. அவ்விடங்களைப் பிசின் நிரப்பியதும் இறகு கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது.

மயிற்பீலியின் நீலமும் பச்சையும் சாயத்தால் ஆனவை அல்ல. நுண்ணிய அமைப்பால் விளைபவை. பறவை இறகுகளின் நிறம் பற்றி சர் சி.வி.இராமன் 1934-இல் ஆராய்ந்து எழுதியுள்ளார். இத்தகைய நிறங்கள் கரிய பின்னணியில் நன்கு விளங்கும். ஆகவே பீலிக்கும் கருமையான இறகுக்கும் குழாயில் கறுப்பு வண்ணமும், வெளிறிய இறகுக்கு வெள்ளை வண்ணமும் முன்கூட்டியே பூசுக.

செய்முறை

1. இறகைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் முற்றும் உலர்த்துக. ஐப்பசி மழையில், நன்றாக உலராத இறகை வைத்து நான் வார்த்த இரண்டாவது கட்டை முழுவதும் குமிழிகளே.

2. குழாயை உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசுக. பிசின் உள்ளே புகாதபடி இரு வாய்களையும் மெழுகால் அடைக்க.

3. இறகின் தடித்த தண்டை நீக்குக. அதனுள் காற்று தங்கியிருக்கும். இழைகளை மெல்லிய பசையிட்டுக் குழாயில் சுற்றுக. தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பழகிய கைக்கு இது எளிது.

4. முதலில் தூரிகையால் மெல்லிய பிசின் பூச்சு கொடுத்துக் காற்றை வெளியேற்றுக. பின்னர் அச்சில் வைத்து மெதுவாக ஊற்றுக.

5. ஈரம் பட்டால் நுரைக்கும் பாலியூரித்தேன் பிசினைவிட, மெதுவாக இறுகும் எபாக்சிப் பிசின் நம் கடலோரப் பகுதிக்கு ஏற்றது. பிசினையும் ஹார்டனரையும் உற்பத்தியாளர் கூறிய அளவில் தராசில் நிறுத்துக் கலக்க. கையுறையும் காற்றோட்டமும் அவசியம். ஹார்டனர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

6. நன்கு இறுகியபின் கூரிய உளியால் சிறிது சிறிதாகக் கடைக. இறகின்மேல் தெளிந்த பிசின் படலம் எஞ்சியிருக்க வேண்டும். இறகை உளி தொட்டால் கட்டை வீண். தூசி மூச்சில் புகாதபடி முகக்கவசம் அணிக.

குமிழியைக் குறைக்கும் அழுத்தக் கலத்தைத் தனித்தனியே வாங்குவது வீண்செலவு. சோதனைச் சான்று பெற்ற கலம் ஒன்றைச் சங்கமே வாங்கிப் பொதுவில் வைக்கலாம். துணைவிதிகள் அதற்கு இடந்தருகின்றனவா என்று முதலில் பார்க்க. வீட்டிலேயே பற்றவைத்துச் செய்த கலம் உயிருக்கு ஆபத்து.

சட்டம் கூறுவது

மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் உள்ளது. மயிலைக் கொல்வோர்க்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இயல்பாக உதிர்ந்த தோகைப் பீலியை உள்நாட்டில் விற்க விலக்கு உண்டு. அயல்நாட்டுக்கு அனுப்பத் தடை. உதிர்ந்த பீலியின் அடி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும். பிடுங்கியதில் இரத்தமோ சதையோ ஒட்டியிருக்கக்கூடும். வயலில் பயிரை மேயும் மயில்மீது நமக்குக் கோபம் எழலாம். ஆயினும் பீலிக்காக அதனைத் தொடுதல் குற்றமே. பிற காட்டுப் பறவைகளின் இறகை எடுக்காதிருப்பதே நலம். கோழி, கினிக்கோழி, வான்கோழி ஆகியவற்றின் இறகுகளே தொடக்கத்துக்குப் போதும்.

கணக்கு

ஒவ்வோர் இறகும் எவரிடமிருந்து, எந்நாளில், எவ்விடத்திலிருந்து வந்தது என்று பேரேட்டில் எழுதுக. வார்த்தவை, கெட்டவை, விற்றவை ஆகியவற்றை மூன்று பத்திகளில் பதிக. கெட்டவற்றின் பிசின் விலையையும் அடக்கவிலையில் சேர்க்காமல் விலை குறித்தால் இலாபம் கணக்கில் மட்டும் இருக்கும், கையில் இராது.

நிறம் மறைதல், குமிழி, சட்டக் குற்றம் ஆகிய மூன்று நஷ்டங்களும் பிசினை ஊற்றுவதற்கு முன்பே தவிர்க்கத்தக்கவை. முதலில் பத்துக் கட்டைகள் மட்டும் வார்த்துப் பாருங்கள். அவற்றுள் எத்தனை தேறின என்னும் கணக்கோடு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். அதன்பின் முதலீடு பற்றிப் பேசுவோம்.