மீண்டும் எண்ணுக

தில்லியில் ரெய்சினா குன்றின்மேல் குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்துள்ளது. அதற்கு அண்மையில் நாடாளுமன்றம் உள்ளது. நாடாளுமன்றத்தில் நிறைவேறும் மசோதா, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே சட்டமாகும்.

மக்களவையும் மாநிலங்களவையும் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரிடம் அனுப்பப்படும். அரசமைப்புச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி அவர் ஒப்புதல் அளிக்கலாம். ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம். பண மசோதா அல்லாததாயின், மறு ஆய்வு செய்யுமாறு திருப்பியும் அனுப்பலாம்.

2006ஆம் ஆண்டு, இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக விளங்கினார். அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருத்தல் கூடாது என்பது அரசமைப்பு விதி. அரசிடம் பயன் பெறுபவர் அரசை அஞ்சாது வினவ இயலாது என்பதே அதன் கருத்து. நாடாளுமன்றம் சட்டத்தால் விலக்களித்த பதவிகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

அவ்வாண்டு மேலும் பல பதவிகளுக்கு விலக்களிக்கும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. அவ்விலக்கு முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருவதாகவும் இருந்தது. கலாம் மே 30 அன்று அம்மசோதாவைத் திருப்பி அனுப்பினார். விலக்களிப்பதற்கு நேர்மையும் தெளிவும் உடைய, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நாடாளுமன்றம் மசோதாவை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. அவ்வாறு இரண்டாம் முறை வரும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தே ஆதல் வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் கலாம் ஒப்புதல் அளித்தார்.

அங்ஙனமாயின் அவர் திருப்பி அனுப்பியது வீணாயிற்றா? இல்லை. ஆதாயம் தரும் பதவி எது என்பதை ஆராய, இரு அவை உறுப்பினர்களையும் கொண்ட கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. அவர் எழுப்பிய வினாவை நாடே விவாதித்தது.

மக்களாட்சியில் இறுதி முடிவு மக்கள் பிரதிநிதிகளுடையது. எனினும், விரைந்து எடுத்த முடிவை நின்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் ஒரு குரலும் தேவை. அக்குரலே குடியரசுத் தலைவருக்கு அரசமைப்பு அளித்துள்ள உரிமை.

சொற்பொருள்
மசோதா – சட்ட முன்வரைவு
ஒப்புதல் – இசைவு
அளவுகோல் – மதிப்பிடும் நெறி

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: ______ மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்ப இயலாது.
2. பிரித்து எழுதுக: அம்மசோதா, முன்வரைவு.
3. கலாம் மசோதாவைத் திருப்பி அனுப்பியது ஏன்? மூன்று தொடர்களில் விடை எழுதுக.
4. இரண்டாம் முறையும் மறுக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கு வேண்டுமா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.