சின்ன லேத்தில் கியரும் பேரிங்கும்: எதை மாற்றுவது, எதை விடுவது?

மொட்டைமாடி அறையிலும் கார் ஷெட்டிலும் வைத்து ஓட்டும் சின்ன லேத்துகளில் நிறைய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: ஷாங்காயின் சீக் நிறுவனத்து சி2 வகையும் அதை ஒட்டி வந்தவையும். சுழலும் விட்டம் சுமார் 180 மி.மீ. நிறமும் பெயரும் மாறினாலும் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஸ்பிண்டிலைத் தாங்கும் இரண்டு 6206 பால் பேரிங்குகளும், ஹெட்ஸ்டாக்குக்குள் பிளாஸ்டிக் கியர்களும்தான். சில காலம் ஓடியதும் சத்தம் கூடும், ஃபினிஷ் கெடும். "டேப்பர் ரோலர் போடு, எல்லா கியரையும் ஸ்டீலாக்கு" என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பலருக்கு இரண்டுமே தேவைப்படாது.

முதலில் கோளாறு எது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹை-லோ லிவரை நடுவில் நிறுத்தி, பின்பக்க கியர் வரிசையையும் விலக்கிவிட்டு, சக்கைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது. கையில் வழவழவென்று சுற்றி, மோட்டார் போட்டால் மட்டும் இரைந்தால் கோளாறு கியர் பக்கம். சீரான இடைவெளியில் 'டக் டக்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பல் உடைந்திருக்கும்.

அடுத்து சக்கைக் கழற்றி, டயல் கேஜின் முனையை ஸ்பிண்டிலின் டேப்பருக்குள்ளேயே வையுங்கள். சக்கின் மேல் வைத்தால் சக்கின் கோணலும் அளவில் சேர்ந்துவிடும். ஒரு கம்பியால் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நெம்பும்போது முள் நகர்ந்தால் ஆட்டம் இருக்கிறது. உடனே பேரிங் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஸ்பிண்டிலின் பின்முனையில் உள்ள இரண்டு நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். பல நேரம் செலவில்லாமல் அங்கேயே முடிந்துவிடும்.

பேரிங்: மூன்று வழிகள்

*அதே 6206.* உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. எந்த ஊர் பேரிங் கடையிலும் கிடைக்கும். சத்தமில்லாமல் ஓடும், சீல் இருப்பதால் தூசி புகாது. வாங்கும்போது எண்ணின் வால் எழுத்துகளைப் படியுங்கள். மோட்டார்களுக்குப் போகும் பேரிங்கில் 'சி3' என்று இருப்பது உண்டு. சூட்டில் விரிவதற்காக உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது அது. ஸ்பிண்டிலுக்கு அந்த இடைவெளியே எதிரி. சாதாரண இடைவெளி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

*7206 ஆங்குலர் காண்டாக்ட்.* இதுவும் அதே 30, 62, 16 என்பதால் எதையும் வெட்டித் திருத்த வேண்டியதில்லை. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும். நட்டை இறுக்கித் துல்லியமாக ஆட்டம் எடுக்கலாம். இரண்டையும் எதிரெதிர்த் திசை பார்த்துப் பூட்ட வேண்டும் என்பது ஒன்றே கவனம். தவறான பக்கம் பூட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. பல மாதிரிகள் திறந்த நிலையில் வருவதால் கிரீஸும் தூசிக் கவசமும் உங்கள் பொறுப்பு.

*30206 டேப்பர் ரோலர்.* மூன்றிலும் கனமான வேலையைத் தாங்குவது இதுதான். தடியான இரும்பைக் கடையும்போதும், பார்ட்டிங் போடும்போதும் வித்தியாசம் தெரியும். ஆனால் இதன் அகலம் 17.25 மி.மீ. ஒவ்வொரு பேரிங்குக்கும் 1.25 மி.மீ. கூடுவதால் ஸ்பிண்டிலின் மேல் உள்ள ஸ்பேசரைக் கடைந்து குறைக்க வேண்டும். அதைக் கடையவும் லேத் வேண்டுமே! லேத்தைப் பிரிப்பதற்கு முன்பே அளவெடுத்துக் குறைந்த நீளத்தில் இன்னொரு ஸ்பேசரைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் இறுக்கினால் சூடாகும், சின்ன மோட்டார் திணறும். பூட்டிய பிறகு மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடு சரி. கையை எடுக்க வைத்தால் நட்டைத் தளர்த்துங்கள்.

எதைப் போட்டாலும் பூட்டும் முறை ஒன்றுதான். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், ஹெட்ஸ்டாக்கில் இறக்கும்போது வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். சுத்தியல் வேண்டாம், நீளமான திரெட் ராடும் வாஷர்களும் போதும். ஓர் அடி குண்டு வழியாகப் போனாலே புது பேரிங்கில் தழும்பு விழுந்துவிடும்.

கியர்: எங்கே உடைய வேண்டும்?

பிளாஸ்டிக் கியரைப் போட்டதற்கு விலை குறைவு மட்டும் காரணமல்ல. சக் திடீரென்று சிக்கினால் முதலில் பல் போகும். மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் பிழைக்கும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலை அது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த கியர் பலமானது?' என்பதல்ல, 'ஏதாவது உடைந்தே தீர வேண்டுமென்றால் எது உடையட்டும்?' என்பதுதான்.

சி2 வகையில் வழக்கமாக நடு ஷாஃப்டில் 12, 20 பல். ஸ்பிண்டிலில் 29, 21 பல். இரண்டு ஜோடியைக் கூட்டினாலும் 41 வரும். மைய தூரம் மாறாமல் வேகத்தை மாற்றுவதற்கான கணக்கு அது. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் லேத்தில் பல்லை எண்ணிவிடுங்கள். 12-ல் ஒரு பல் போனாலும் ஜோடியில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

*மறுபடி பிளாஸ்டிக்.* சத்தம் குறைவு, காவலும் உண்டு. அலுமினியம், பித்தளை, சின்ன இரும்பு வேலைகளுக்கு இதுவே போதும். கூடுதலாக ஒரு செட் வாங்கி வையுங்கள்.

*முழு ஸ்டீல்.* பல் இனி போகாது. ஆனால் சிக்கினால் அடி பெல்ட்டுக்கோ சாவிக்கோ எலெக்ட்ரானிக் போர்டுக்கோ போகும். சத்தமும் ஏறும், கிரீஸும் தவறாமல் வைக்க வேண்டும்.

*ஒன்று ஸ்டீல், ஒன்று பிளாஸ்டிக்.* பல் குறைவான சின்ன கியர்தான் அடிக்கடி கடிபட்டுத் தேயும். அதை மட்டும் ஸ்டீலாக்கி, பெரியதைப் பிளாஸ்டிக்காக விட்டால் சத்தமும் குறையும், ஃபியூஸும் இருக்கும்.

*பெல்ட்டுக்கு மாறுவது.* கியரை எடுத்துவிட்டு மோட்டாரிலிருந்து நேராக ஸ்பிண்டிலுக்கு பெல்ட். மூன்றையும்விட அமைதி. ஆனால் குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவை குறையும். பெரிய விட்டமும் தடித்த மரையும் போடுபவர்களுக்கு ஒத்துவராது.

மரை போடும் மாற்று கியர்களின் கதை வேறு. அவை பெரும்பாலும் 1 மாட்யூல். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வகுத்தால் மாட்யூல் வந்துவிடும்: 20 பல், 22 மி.மீ. என்றால் 1. தனி கியர் கிடைக்காவிட்டால் கோவை கணபதி, சென்னை அம்பத்தூர் போன்ற இடங்களின் ஜாப் ஒர்க் பட்டறைகளில் வெட்டித் தருவார்கள். ஸ்டீல் வேண்டாமென்றால் ஹைலம் துணி ஷீட்டிலோ டெல்ரினிலோ கேளுங்கள். பழைய கியரையும் அது கோக்கும் ஜோடியையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ கியர் எடுக்கலாம்தான். அது 60 டிகிரி பக்கமே இளகிவிடும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

பொழுதுபோக்காகச் சின்ன வேலை செய்பவருக்கு: நல்ல 6206, பிளாஸ்டிக் கியர், ஒரு ஸ்பேர் செட். துல்லியம் பார்ப்பவருக்கு: 7206-உம் கலப்பு கியரும். வாராவாரம் தடித்த இரும்பைக் கடைபவருக்கு: 30206. கியரையும் முழுக்க ஸ்டீலாக்க விரும்பினால், முதலில் மோட்டாருக்குத் தகுந்த ஃபியூஸைப் போட்டுவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.