சக்கில் கடைந்த சென்டர்

பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவர்களுக்கு இரு சென்டர்களுக்கிடையே கடைதலைக் கற்பிக்கும்போது, நான் சக்கைக் கழற்றச் சொல்வதில்லை. மூன்று தாடைச் சக்கில் மென் எஃகுத் துண்டைப் பிடித்து, சிறிது நீளம் உருளையாகவும், காம்பவுண்ட் ரெஸ்டை 30° திருப்பி முனையை 60° கூம்பாகவும் மாணவர்களே கடைகிறார்கள். கோணம் ஏன் பாதி என்பதைப் படம் வரைந்து அவர்களே கண்டுகொள்கிறார்கள். சக்கின் தாடையே கேரியரின் வாலைத் தள்ளி வேலைத்துண்டைச் சுழற்றும்.

ஒருநாள் மாலை இயந்திரத்தைத் துடைத்த மாணவன், அந்தச் சென்டரைக் கழற்றி வைத்தான். மறுநாள் அப்படியே மாட்டிக் கடைந்தோம். தண்டைத் திருப்பிப் போட்டு மறுபாதியைக் கடைந்தபோது நடுவில் படி விழுந்தது. அவனைக் கடிந்துகொண்டேன். ஆனால் தவறு என்னுடையது. 'கழற்றாதே' என்று சொன்ன நான், காரணத்தைச் சொல்லவில்லை.

இப்போது அதையே செயல்பாடாக வைத்திருக்கிறேன். மின்சாரத்தை நிறுத்தி, உருளைப் பகுதியில் டயல் கேஜை வைத்துச் சக்கைக் கையால் சுற்றச் சொல்கிறேன். கடைந்தவுடன் முள் ஏறக்குறைய அசைவதில்லை. கழற்றி மாட்டினால் அசைகிறது. முள் 0.2 மி.மீ. ஆடினால் மையம் 0.1 மி.மீ. விலகியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பிறகு கூம்பில் மெல்லிய வெட்டு ஒன்று கொடுத்துச் சரிசெய்கிறார்கள்.

கழற்றிய சென்டரை மீண்டும் கடையாமல் பயன்படுத்தக் கூடாது என்பதை நான் இப்போது நினைவூட்ட வேண்டியிருப்பதில்லை.